பயாப்ஸிக்கு ஒரு வாரம் முன்பே எங்களிடம் பேசுங்கள்: சிறுநீரக மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சிறுநீரக மருத்துவர்களுக்கும், அவர்களிடம் டி.எம். படிக்கும் இளம் டாக்டர்களுக்கும், நெஃப்ராலஜி வார்டு சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

"கிட்னி பயாப்ஸி பண்ணிப் பார்த்திடலாம்" என்று நீங்கள் எழுதித் தரும் சீட்டோடு உங்கள் அறையை விட்டு வெளியே வருகிறதே ஒரு குடும்பம், அந்தத் தரப்பிலிருந்து இதை எழுதுகிறேன். கிட்னி பயாப்ஸி என்றால் முதுகு வழியாக ஊசி இறக்கி, கிட்னியிலிருந்து சின்னச் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது. கேட்பது ஒன்றுதான். அந்த ஊசியால் என்னென்ன ஆகலாம், யாருக்கு அது கூடுதலாக ஆகும் என்பதை ஊசி போடும் அன்று காலையில் கையெழுத்து வாங்குகிற அவசரத்தில் சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்பே உட்காரவைத்துத் தமிழில் சொல்லுங்கள். ஆபத்தைக் குறைக்க நோயாளியும் வீட்டாரும் செய்யக்கூடிய காரியம் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு வாரத்துக்குள்தான் இருக்கிறது. அன்று காலையில் சொன்னால் பயப்படுவதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பயாப்ஸியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் தங்கைக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். கால் வீங்கி, சிறுநீரில் நுரை நுரையாகப் புரதம் போனபோது எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாததை நூல் கனத்தில் எடுத்த அந்த இரண்டு சதைத் துண்டுகள்தான் சொல்லின. நாலாம் வகை லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது லூபஸ் கிட்னியைத் தாக்கியதில் கடுமையான வகை. அது தெரிந்ததால்தான் ஸ்டீராய்டோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபெனோலேட்டைத் துணிந்து ஆரம்பித்தார்கள். இரண்டாம் வகையாக இருந்திருந்தால் கிட்னிக்காக அவ்வளவு கடுமையான மருந்தே தேவைப்பட்டிருக்காது. இன்று அவள் வேலைக்குப் போகிறாள், கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் ஒன்றுக்குக் கீழே நிற்கிறது. அந்த ஊசிக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. பாதரசம் கலந்த சில நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு ‘நெல்-1’ என்ற வகை மெம்பரனஸ் நெஃப்ரோபதி, அதாவது கிட்னியின் வடிகட்டி கெட்டுப் புரதம் போகிற நோய், வருவதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள். முகம் வெளுக்கப் பூசும் கிரீம்களால் அதே நோய் வந்ததைக் கேரள மருத்துவர்கள் அடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். காரணத்தை நிறுத்தினாலே பலருக்குப் புரதம் போவது குறைந்தது. பயாப்ஸித் துண்டு கையில் இல்லாவிட்டால் அந்த வகையை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் என் தங்கைக்கு அந்த ஊசி போட்ட விதத்தில் எனக்கு வருத்தம் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், மருத்துவமனையின் பெயர் வேண்டாம். ஒரு நகரத்தில் பேர் பெற்ற தனியார் மருத்துவமனை, நல்ல டாக்டர்கள். மூட்டு வலிக்காக அவள் மாதக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மையான பதில். வலி மாத்திரை எடுக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை, அந்த மாத்திரை ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும் என்பது மூட்டு வலிக்காரிக்கு எப்படித் தெரியும்? அன்று காலை பி.பி. 150க்கு மேல் இருந்தது. "டென்ஷன்ல இருக்கும்" என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனார்கள். ஆங்கிலத்தில் நாலு பக்கப் படிவம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி. மாலையில் டிஸ்சார்ஜ்.

ராத்திரி சிறுநீர் ரத்தமாகப் போனது, அப்புறம் கட்டி கட்டியாக, அப்புறம் வரவே இல்லை. ரத்தக்கட்டி பாதையை அடைத்து அடிவயிறு கல்லாகிவிட்டது. டிஸ்சார்ஜ் தாளில் இருந்த நம்பருக்கு அடித்தால் ரிசப்ஷன், காலையில் ஓ.பி.க்கு வரச் சொன்னார்கள். காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு ஓடினோம். கேஷுவாலிட்டியில் இருந்த டியூட்டி டாக்டருக்குப் பகலில் அங்கேயே பயாப்ஸி நடந்த விவரம் தெரியாது. டியூப் போட்டுச் சிறுநீர்ப்பையைக் கழுவி, ஸ்கேனில் கிட்னியைச் சுற்றி ரத்தம் கட்டியிருப்பதைப் பார்த்து, ரத்தம் ஏற்றி, இரண்டு நாளில் சரி செய்துவிட்டார்கள். அந்தத் திறமையைக் குறைத்துப் பேச மாட்டேன். எவ்வளவு கை தேர்ந்தவர் போட்டாலும் சிலருக்கு ரத்தம் கசியத்தான் செய்யும், அது யாருடைய குற்றமும் இல்லை. கேட்காமல் விட்ட கேள்வியும், சொல்லாமல் விட்ட விஷயமும், மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பியதும்தான் என் குறை.

எவ்வளவு பேருக்கு என்ன ஆகிறது என்பது உங்களுக்கு மனப்பாடம். மற்ற நோயாளிகளின் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். 87 ஆய்வுகளில் இருந்த 1,18,064 பயாப்ஸிகளை ஒன்றாகச் சேர்த்து 2020இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. கிட்னியைச் சுற்றி ரத்தம் கட்டியது 100க்கு 11 பேருக்கு. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது 100க்கு மூன்று நாலு பேருக்கு. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது 100க்கு ஒன்றிரண்டு பேருக்கு. ரத்தக்குழாயை அடைப்பது போன்ற வேலைகளில் இறங்க வேண்டி வந்தது 1,000க்கு மூன்று பேருக்கு. இறந்தவர்கள் 10,000க்கு ஆறு பேர். இந்த எண்களை எந்தக் குடும்பத்திடமும் தாராளமாகச் சொல்லலாம். இதைக் கேட்டு ஓடிப்போகிறவர்கள் குறைவு. 100க்கு 11 பேருக்குக் கட்டுகிற ரத்தமும் பெரும்பாலும் வலி கூட இல்லாமல் தானாகக் கரைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பயம் இன்னும் தணியும். மூடி வைப்பதால்தான் மக்கள் இதைவிடப் பெரியதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

அந்தக் கற்பனை எப்படிப்பட்டது என்று தெரியுமா உங்களுக்கு? லூபஸ் நோயாளிகளின் குடும்பங்களோடு சில வருடங்களாகப் பழகுகிறேன். "ஊசி குத்தினா கிட்னி சுருங்கிடும்", "பயாப்ஸி பண்ணினா நேரா டயாலிசிஸ்தான்", "உள்ளே கூட்டிட்டுப் போய் கிட்னியையே எடுத்துடுவாங்க" என்று சொல்லியே தள்ளிப்போட்டவர்கள் எனக்குத் தெரியும். பள்ளிப்பாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி வாங்கிய செய்தி 2025இல் ஊரெல்லாம் பேசப்பட்ட பிறகு அந்தக் கடைசிப் பயம் சிரித்துத் தள்ளக்கூடியதாக இல்லை. என்ன எடுக்கப்போகிறீர்கள், எவ்வளவு எடுக்கப்போகிறீர்கள் என்று காட்டுங்கள். ஊசியின் படத்தைக் காட்டி, இதன் உள்ளே வருகிற நூல் அளவு சதை, இரண்டு துண்டு, இதனால் கிட்னியின் வேலை குறையாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சரி, யாருக்கு அதிகம் ரத்தம் கசியும்? இதில்தான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

இதயம் அடித்து அனுப்புகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த இரண்டு கிட்னிகளுக்குப் போகிறது, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். அப்படிப்பட்ட இடத்தில் ஊசி இறங்குகிறது. வெளியே அழுத்திப் பிடிக்கவும் வழியில்லை, கிட்னி முதுகுச் சதைக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. ரத்தம் தானாக உறைந்துதான் நிற்க வேண்டும். ஆகவே அழுத்தம் கூடுதலாக இருந்தால் ஆபத்து கூடும், உறையும் சக்தி குறைந்திருந்தாலும் ஆபத்து கூடும். 140/90க்குக் கீழே பி.பி. வராமல் ஊசி போட வேண்டாம் என்று நீங்களே உங்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள். பிறகு ஏன் அன்று காலையில் 150க்கு மேல் இருப்பது "டென்ஷன்" ஆகிவிடுகிறது? டென்ஷனாகவே இருக்கட்டும், ரத்தக்குழாய்க்குக் காரணம் தெரியாது, அழுத்தம்தான் தெரியும். அவசரம் இல்லாத நோயாளியை மாத்திரை கொடுத்து நாலு நாள் கழித்து வரச் சொன்னால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பஸ் செலவு இன்னொரு முறை ஆகும், அவ்வளவுதான்.

கிரியாட்டினின் கூடியவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. வீட்டாருக்கு இது சுத்தமாகப் புரிவதில்லை. பிளேட்லெட் எண்ணிக்கை நார்மல், ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பி.டி., ஐ.என்.ஆர். நார்மல் என்று ரிப்போர்ட் வரும். "எல்லாம் நார்மல்னுதானே சொன்னாங்க, அப்புறம் ஏன் இப்படி?" என்று பிறகு கேட்பார்கள். யூரியா ஏறிக் கிடக்கும் உடம்பில் பிளேட்லெட் எண்ணிக்கையில் இருக்கும், வேலை செய்யாது. அந்தச் சோம்பலை வழக்கமான உறைதல் பரிசோதனைகள் காட்டாது. 750 பயாப்ஸிகளைப் பார்த்து சிகாகோவிலிருந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், கிரியாட்டினின் 5க்கு மேல் இருந்தவர்களுக்குச் சிக்கல் வருவது இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 2012இல் வந்த இன்னொரு தொகுப்பில் 2ஐத் தாண்டியவர்களுக்கே ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை கூடுதலாக வந்திருக்கிறது. கிட்னி திடீரெனக் கெட்டவர்கள், ஏற்கனவே ரத்தசோகை உள்ளவர்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பெண்கள் ஆகியோருக்கும் அதில் ஆபத்து கூடுதல். 14 கேஜ் போன்ற தடித்த ஊசி மெல்லிய ஊசியைவிட ஆபத்து என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. நம் ஊரில் கிட்னி நோயாளிப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எட்டு ஒன்பதில் நிற்பது சாதாரணம். அவளிடம் இழக்க ரத்தமே குறைவு என்பதை மனதில் வைத்து, முந்தைய நாளே ரத்தப் பிரிவு பார்த்து ஒரு யூனிட்டுக்குப் பொருத்தம் பார்த்து வைத்துவிட்டால், நடு ராத்திரியில் அண்ணன் தம்பி ரத்த வங்கிக்கு அலைய வேண்டியிருக்காது.

டெஸ்மோபிரெசின் பற்றியும் சொல்ல வேண்டும். பிளேட்லெட் சோம்பலைத் தற்காலிகமாகத் தட்டி எழுப்ப சிலருக்கு அதைப் போடுகிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த மருந்து உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கும். அதே நோயாளியிடம் வார்டுக்கு வந்ததும் சிஸ்டர், "நிறைய தண்ணி குடிங்க, அப்பத்தான் யூரின் கிளியரா போகும்" என்கிறார். மற்ற நோயாளிகளுக்கு அது சரியான அறிவுரை, டெஸ்மோபிரெசின் போட்டவருக்கு சோடியம் இறங்கித் தலைவலியில் ஆரம்பித்து வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. யாருக்கு அந்த ஊசி போட்டீர்கள், அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டம்ளரை நீட்டுகிறவர்கள் நாங்கள்தான்.

மருந்துகளைப் பற்றிய கேள்வியை எப்படிக் கேட்பது என்று இப்போது சொல்கிறேன், இதில் எங்களுக்கு அனுபவம் இருக்கிறது. "பிளட் தின்னர் எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். தலைவலிக்கு, இடுப்புவலிக்கு, மாதவிலக்கு வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லாமல் தாளில் மடித்துக் கொடுக்கும் மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். ஹார்ட் டாக்டர் ராத்திரியில் போடச் சொன்ன சின்ன மாத்திரை என்ன என்று கேளுங்கள், அதுதான் ஆஸ்பிரினாக இருக்கும். வைத்தியரிடம் வாங்கும் சூரணம், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட எளிய வழி அதுதான். ஆஸ்பிரின் தொட்ட பிளேட்லெட் அதன் ஆயுள் முழுக்கச் சரியாக வேலை செய்யாது, புதிய பிளேட்லெட் வந்து சேர ஒரு வாரம் பத்து நாள் ஆகிவிடும். ஆஸ்பிரினும், அதே போல் பிளேட்லெட்டை முடக்கும் குளோபிடோக்ரெலும் முன்கூட்டியே நிற்க வேண்டும் என்பது அதனால்தான். டைக்ளோஃபெனாக் போன்றவற்றின் பாதிப்பு அதைவிடச் சீக்கிரம் தீரும், ஆனாலும் அன்று காலையில் தெரிந்து பயன் இல்லை.

இதையும் உடனே சேர்த்துச் சொல்லுங்கள்: ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் நீங்களும் பேசி முடிவு செய்தால்தான் நிறுத்த வேண்டும். பயாப்ஸி என்றதும் பயத்தில் எல்லா மாத்திரையையும் நிறுத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள், பி.பி. மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வந்து படுப்பார்கள். எதை நிறுத்த வேண்டும், எதை அன்று காலையிலும் ஒரு வாய் தண்ணீரில் விழுங்க வேண்டும் என்று பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள்.

டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டவருக்கு பயாப்ஸி என்றால் முந்தின டயாலிசிஸ், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இல்லாமல் நடந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை. ஆனால் டயாலிசிஸ் ஓரிடத்தில், பயாப்ஸி வேறிடத்தில் என்று ஓடுகிற நோயாளிகள் நிறைய. இரண்டு இடத்துக்கும் செய்தி கொண்டுபோகிறவர்கள் நாங்கள்தான். எங்களுக்குச் சொல்லாவிட்டால் அது போய்ச் சேராது.

இன்னொன்று, பெண்களிடம் மாதவிலக்குத் தேதியைக் கேளுங்கள். பயாப்ஸிக்கு மறுநாள் வரை சிறுநீரின் நிறத்தைப் பார்த்துத்தான் ரத்தக்கசிவு கூடுகிறதா குறைகிறதா என்று தீர்மானிக்கிறீர்கள். அந்த நாட்களில் மாதவிலக்கும் சேர்ந்துவிட்டால் எது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அவசரம் இல்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடக்கூடிய விஷயம். என் தங்கையிடம் யாரும் கேட்கவில்லை, நான் பேசிய பெண்களில் பலரிடமும் கேட்கவில்லை. கூச்சத்தில் அவர்களாகவும் சொல்ல மாட்டார்கள்.

பயாப்ஸி அறைக்குள் நடப்பதிலும் சொல்ல வேண்டியது உண்டு. குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே பெரும்பாலும் இடது கிட்னியின் கீழ்முனையில் ஊசியை இறக்குகிறீர்கள். கிட்னி மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் நகரும் என்பதால் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்கிறீர்கள். முதுகில் ஊசியோடு குப்புறக் கிடக்கும்போது முதல் முறையாக அதைக் கேட்கிறவருக்கு உடம்பு உதறும். முந்தைய நாளே நாலு முறை பழக்கிவிட்டால் என்ன? அந்த ஊசித் துப்பாக்கி ‘டக்’ என்று சத்தம் போடும் என்பதையும், அந்தச் சத்தத்துக்குத் துள்ளக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது துள்ளுவதும் இருமுவதும் கிட்னியைக் கிழிக்கக்கூடியவை. இருமலோடு வந்தவரை இருமல் நின்ற பிறகு வரச் சொல்வதும் இதற்காகத்தான்.

அப்புறம், துண்டு சரியாக வராமல் போகலாம் என்பதையும் சிக்கல்களில் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லுங்கள். உள்பகுதிச் சதை மட்டும் வந்து, பார்க்க வேண்டிய குளோமெருலஸ் என்ற நுண்வடிகட்டிகள் போதிய அளவு இல்லாவிட்டால் மறுபடியும் ஊசிதான். இம்யூனோஃபுளோரசன்ஸ் என்ற ஒளிரும் சாயப் பரிசோதனைக்கான துண்டைத் தவறிப்போய், சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டாலும் பாதி விஷயம் தெரியாமல் போகும். ரத்தக்கசிவுக்கு மனதைத் தயார்செய்த குடும்பம் கூட "மறுபடி எடுக்கணும்" என்ற செய்தியில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எடுத்த துண்டில் குளோமெருலஸ் இருக்கிறதா என்று அங்கேயே ஒரு மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எல்லா இடத்திலும் வர வேண்டும்.

வார்டுக்கு வந்த பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. பொது வார்டில், மறைப்புத் திரை இல்லாமல், நாலு பேர் பார்க்கப் படுத்தபடியே பெட்பேனில் சிறுநீர் போகச் சொன்னால் எந்தப் பெண்ணுக்கு வரும்? அடக்கிக்கொள்வார்கள், அதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், முடியாமல் போனால் யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து பாத்ரூம் போவார்கள். சிறுநீர் போகாவிட்டால் ரத்தம் போகிறதா என்று உங்களுக்கும் தெரியாது. ஒரு திரைச்சீலை இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் தெளிவான பாட்டிலில் பிடித்து நேரம் எழுதி வரிசையாக வைக்கிற வழக்கம் நல்ல வார்டுகளில் உண்டு, முதல் பாட்டிலுக்கும் மூன்றாவதுக்கும் நிறம் வெளுக்கிறதா கருக்கிறதா என்று படிக்காத அம்மாவுக்கும் தெரியும். எங்களைக் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் டாக்டர், நாங்கள் எப்படியும் அந்தக் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்: நாடி வேகமாக அடிப்பது, வியர்ப்பது, இடுப்புப் பக்க வலி விலாவுக்கோ தொடைக்கோ ஏறி இறங்குவது, எழுந்தால் தலை சுற்றுவது, சிறுநீர் நின்றுபோவது.

மாலையிலேயே வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி நான் மிகவும் வலியுறுத்திக் கேட்கிறேன். மேலே சொன்ன சிகாகோ ஆய்வில் எட்டு மணி நேரத்துக்குள் தெரியவந்த சிக்கல்கள் மூன்றில் இரண்டு பங்குதான். மீதி மூன்றில் ஒரு பங்கு, மாலை டிஸ்சார்ஜ் என்றால் வீட்டிலோ பஸ்ஸிலோ வெளிப்பட்டிருக்கும். அதனால்தான் 24 மணி நேரம் வரை வைத்துப் பார்ப்பதே சிறந்தது என்று அவர்கள் எழுதினார்கள். குறைந்த ஆபத்துள்ளவர்களை அன்றே அனுப்பியும் நல்லபடியாக நடக்கிற இடங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. அங்கே யார் குறைந்த ஆபத்துள்ளவர் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். பி.பி. அடங்கியவர், கிரியாட்டினின் கூடாதவர், சிறுநீர் தெளிந்தவர், திரும்பி வர ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவர். நம் ஊரில் பெட் காலியாக வேண்டும் என்பதற்காக, மூன்று மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற ஊர்க்காரரையும் அனுப்பிவிடுகிறோம். நோயாளி எங்கே தூங்கப்போகிறார் என்பதும் ஒரு ஆபத்துக் காரணிதான், அதை உங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அரசு மருத்துவமனைகளில் ஒரு கட்டிலுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ராத்திரிக் கட்டிலை மிச்சப்படுத்தி, மறுநாள் அதே ஆளை ஐ.சி.யு.வில் வைப்பதால் யாருக்கும் மிச்சமில்லை.

வீட்டுக்குப் போன பிறகும் கதை முடிவதில்லை. உறைந்த கட்டி ஒரு வாரம் பத்து நாள் கழித்து நழுவி மறுபடி ரத்தம் வரலாம். ஆகவே இரண்டு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, கேஸ் சிலிண்டர் நகர்த்தக் கூடாது, மேடு பள்ளத்தில் டூவீலரில் போகக் கூடாது, முக்கி மலம் கழிக்கிற நிலை வரக் கூடாது. "ஹெவி ஒர்க் வேண்டாம்" என்று எழுதினால் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் குடம் ஹெவி ஒர்க் என்று தோன்றாது. குடம் என்றே எழுதுங்கள். நிறுத்திய ஆஸ்பிரினை எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்பதையும் எழுதுங்கள், அதை நிறுத்தச் சொல்கிற எல்லோரும் ஆரம்பிக்கச் சொல்வதில்லை.

சிலருக்கு ஊசி பட்ட இடத்தில் தமனியும் சிரையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஃபிஸ்டுலா உண்டாகும். பெரும்பாலும் தானாக மூடிவிடும், மூடாமல் ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டு அடைக்க வேண்டும். இன்னும் அபூர்வமாக, சுற்றிக் கட்டிய ரத்தம் கிட்னியை நெரித்து பி.பி.யை ஏற்றிவிடும். எல்லாவற்றையும் எல்லோரிடமும் விலாவாரியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் பயாப்ஸி செய்கிற இடத்தில் ரத்தக்குழாய் அடைக்கும் வசதி இருக்கிறதா, இல்லையென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு எங்கே அனுப்புவீர்கள் என்பதை நாங்கள் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்மதம் பற்றிச் சட்டமும் பேசியிருக்கிறது. 2008இல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், என்ன செய்யப்போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, கணிசமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிப் பெறுவதுதான் செல்லுபடியாகும் சம்மதம் என்றது. அபூர்வமான ஆபத்துகள் அத்தனையையும் அடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னது, அதுவும் நியாயம்தான். வழக்கைக் காட்டி மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. "வேறு வழி உண்டா" என்ற அந்த ஒரு கேள்விக்காகச் சொல்கிறேன். சிறு குழந்தைக்கு சிறுநீரில் நிறையப் புரதம் போய் உடம்பு வீங்குகிற வழக்கமான நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்றால் பயாப்ஸி இல்லாமலே ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறீர்கள். பி.எல்.ஏ.2.ஆர். ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்து, கிட்னியும் ஒழுங்காக வேலை செய்தால், பலருக்கு ஊசி இல்லாமலே மெம்பரனஸ் என்று முடிவு செய்ய முடிகிறது. உறைதல் கோளாறு உள்ளவருக்குக் கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் போய் எடுக்கும் முறை இருக்கிறது. ஒற்றைக் கிட்னி, வீங்கிய கிட்னி, சிறுநீரில் தொற்று, சுருங்கிப்போன கிட்னி என்றால் நீங்களே ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கிறீர்கள். அந்த யோசனையில் ஐந்து நிமிடம் எங்களையும் உட்காரவையுங்கள். ரிசல்ட் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், இந்த ஊசி எதற்கு என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. மாறும் என்றால் அதைச் சொல்லுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

1951இல் கோபன்ஹேகனில் இவெர்சனும் புருனும் ஊசி வழியாகக் கிட்னித் துண்டு எடுத்த முறையை வெளியிட்டபோது நோயாளியை உட்காரவைத்துத்தான் குத்தினார்கள். 1954இல் சிகாகோவில் கார்க்கும் முர்கியும் குப்புறப் படுக்கவைத்தார்கள். பிறகு ஸ்கேன் வந்தது, தானியங்கி ஊசி வந்தது. அவர்களுக்கும் முன்னால், 1944இல் சுவீடனில் நில்ஸ் ஆல்வால் இதைச் செய்து பார்த்தார், ஒரு நோயாளி இறந்ததும் நிறுத்திவிட்டார். ஒரே ஒரு மரணத்துக்காக ஒரு டாக்டர் தன் முறையையே கைவிட்டது எனக்கு மறக்க முடியாத விஷயமாக இருக்கிறது. எத்தனையோ பேரின் கவனத்தால் இவ்வளவு பாதுகாப்பாக வளர்ந்த ஒரு வேலை இது. கருவிகள் இவ்வளவு மாறியும் நோயாளியோடு பேசுகிற பகுதி மட்டும் இன்னும் ஊசி அறை வாசலிலேயே நடக்கிறது.

எங்கள் குழுவில் இருக்கும் சில குடும்பங்கள் சேர்ந்து, பயாப்ஸிக்கு ஒரு வாரம் முன்பு கொடுக்க ஒரு பக்கமும், டிஸ்சார்ஜில் கொடுக்க ஒரு பக்கமும் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். மாத்திரைப் பை, பி.பி., மாதவிலக்குத் தேதி, மூச்சுப் பயிற்சி, சிறுநீர் பாட்டில், குடம், ராத்திரியில் யாருக்குப் போன் செய்வது, எல்லாம் அதில் இருக்கிறது. மருத்துவம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்த ஒரு நெஃப்ராலஜிஸ்ட் வேண்டும். யாராவது ஒருவர் முன்வாருங்கள், அச்சடிக்கும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். டிஸ்சார்ஜ் பக்கத்தின் கீழே போன் நம்பருக்கு ஓர் இடம் விட்டிருக்கிறோம். அதில் ராத்திரியிலும் வார்டில் யாராவது எடுக்கிற நம்பராக எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லூபஸ் நோயாளியின் அண்ணன்